படாசாரை சொல்லாத கதை

(பௌர்ணமி வழிபாட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய அறவுரை)





படாசாரைத் தேரியின் வரலாற்றைக் கேளாதவர் இச்சபையில் ஒருவரும் இரார். சாவத்தி நகரத்துச் செல்வர் மகளாய்ப் பிறந்து, வீட்டுப் பணியாளன் ஒருவனை விரும்பி, அவனுடன் தொலைவூர் சென்று வாழ்ந்தவர் அவர். இரண்டாம் மகப்பேற்றின்போது தாய்வீடு நோக்கி வரும் வழியில், பெருமழை பெய்த ஓர் இரவில், கணவன் பாம்பு தீண்டி இறந்தான். மறுநாள் ஆற்றைக் கடக்குங்கால் பச்சிளங் குழந்தையைப் பருந்து கவர்ந்தது. மூத்த மகனை வெள்ளம் கொண்டது. தாய்வீடாவது உண்டு என்று நடந்தவருக்கு, அவ்வீடும் அதே மழையில் இடிந்து, தாயும் தந்தையும் உடன்பிறந்தானும் ஒரே சிதையில் எரிகின்றனர் என்னும் செய்தி எதிர்வந்தது. ஆடை நழுவியதும் அறியாது பித்துற்று அலைந்த அவர், ததாகதரின் திருமுன் வந்து நினைவு பெற்றார், பிக்குணியானார், விநயம் அறிந்த பிக்குணிகளுள் தலைசிறந்தவர் என்று பகவராலேயே பாராட்டப் பெற்றார்.

இக்கதையை நானும் பல மேடைகளில் சொல்லியிருக்கின்றேன். ஒருமுறை தவறாகச் சொன்னேன். கதையில் பிழையில்லை, சொன்ன முறையிலே பிழை. அப்பிழைதான் இன்றைய பேச்சுக்குக் காரணம்.

பல ஆண்டுகளுக்கு முன், தமிழ்த் தொழிலாளர் நிறைந்த ஒரு சுரங்கத்தூரில் பௌர்ணமிக் கூட்டத்திற் பேசும்படி அழைக்கப்பட்டேன். அவ்வூரில் ஓர் அம்மையார் ஒரே ஆண்டில் கணவரையும் ஒரே மகனையும் இழந்திருந்தார் என்று கூட்டத்தார் முன்னரே எனக்குச் சொல்லியிருந்தனர். அவருக்கு ஆறுதல் கூறுவதாக எண்ணிப் படாசாரையின் கதையை நீட்டி முழக்கினேன். முடிவில், "நம் நடுவிலும் ஒரு படாசாரை அமர்ந்திருக்கின்றார்" என்றேன். எல்லாக் கண்களும் அவர்பால் திரும்பின. பலர் அழுதனர். அவர் அழவில்லை.

கூட்டம் கலைந்த பின் அவ்வம்மையார் என்னிடம் வந்தார். "ஐயா, ஊரெல்லாம் என் கதையைச் சொல்லுகிறது, இன்றைக்கு நீங்களும் சொன்னீர்கள். அந்த அம்மாள் கதையையும் நீங்களேதான் சொல்லுகிறீர்கள். அவள் வாயால் அவள் ஒன்றும் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

"சொல்லியிருக்கின்றார், அம்மா. தேரிகாதையில் அவர் பாடல் உண்டு" என்றேன்.

"என்ன சொன்னாள்?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. உரையாசிரியர் எழுதிய கதையை நான் நன்கறிவேன். அத்தேரி தாமே பாடிய ஐந்து செய்யுட்களை ஒருமுறையேனும் கருத்தூன்றிப் படித்தவனல்லேன். "அடுத்த பௌர்ணமிக்கு வந்து சொல்லுகின்றேன்" என்று கூறித் தலைகுனிந்து திரும்பினேன். அந்த ஒரு மாதத்தில் நான் படித்தறிந்ததையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

தேரிகாதை என்பது சுத்த பிடகத்தைச் சேர்ந்த குத்தக நிகாயத்தில் அடங்கிய ஒரு நூல். தேரி என்பவர் மூத்த பிக்குணி. காதை என்பது செய்யுள். 73 பாடல்களும், அவற்றுள் 522 செய்யுட்களும் இதில் உள்ளன. ஒரே செய்யுளாலான பாடல்கள் முதலில் நிற்க, செய்யுட்டொகை ஏறஏற ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கப்பெற்று, சுமேதைத் தேரியின் 75 செய்யுட்கள் கொண்ட நெடும்பாடலோடு நூல் முடிகின்றது. இதன் உடன்பிறந்த நூலாகிய தேரகாதையில் பிக்குகளின் பாடல்கள் 264 உள்ளன. இவையெல்லாம் பல நூற்றாண்டுகள் வாய்மொழியாகவே காக்கப்பட்டு, கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையிற் பிடகங்கள் ஏட்டில் எழுதப்பட்டபோது எழுத்துருப் பெற்றன. 1883இல் இலண்டன் பாலி நூற் சங்கத்தார் இவற்றை அச்சிட்டனர். 1909இல் கரோலின் ரைஸ் டேவிட்ஸ் அம்மையார் தேரிகாதையை ஆங்கிலத்தில் ஆக்கினார். உலகில் பெண்கள் பாடிய பாடல்களின் மிகப் பழைய தொகுப்புகளுள் இஃது ஒன்று.

இந்நூலுக்கு உரை கண்டவர் ஆசாரிய தம்மபாலர். அவர் வாழ்ந்த பதரதீர்த்த விகாரை தமிழகத்துக் கடற்கரையில் இருந்தது என்பது பௌத்த மரபு. படாசாரை எவர் மகள், எவர் மனைவி, எங்கே எதை இழந்தார் என்பவற்றை அவருடைய உரை தெளிவாகச் சொல்லுகின்றது. அதற்காக அப்பெரியாரை நாம் என்றும் வணங்கக் கடவோம். ஆயினும் உரை வேறு, பாட்டு வேறு. உரை அவரைப்பற்றிப் பிறர் சொன்னது; பாட்டு அவரே சொன்னதாக நம் கைக்கு வந்தது. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்கியதே என் பிழை.

படாசாரையின் ஐந்து செய்யுட்களில் என்ன இருக்கின்றது? கணவன் இல்லை. பாம்பு இல்லை. பருந்து இல்லை, வெள்ளம் இல்லை, சிதை இல்லை. இளைஞர் ஏர்பூட்டி உழுது விதைத்துப் பொருளீட்டி மனைவி மக்களைக் காக்கின்றனர். ஒழுக்கத்தில் வழுவாது ஆசான் சொல்வழி நிற்கும் எனக்கு மட்டும் விடுதலை ஏன் கிட்டவில்லை என்று தம்மைத் தாமே வினவுகின்றார். பின் ஒரு மாலைப்பொழுதில் கால் கழுவுகின்றார். கழுவிய நீர் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி ஓடுவதைக் காண்கின்றார். அக்காட்சியில் அவர் உள்ளம், பழக்கிய நற்குதிரை போல ஒருமைப்படுகின்றது. விளக்கை எடுத்துக்கொண்டு தம் அறைக்குட் செல்கின்றார், படுக்கையைப் பார்க்கின்றார், கட்டிலின்மேல் அமர்கின்றார், ஓர் ஊசியால் விளக்கின் திரியைக் கீழே இழுக்கின்றார். விளக்கு அணைகின்றது. உள்ளம் விடுதலை பெறுகின்றது. அவ்வளவே பாட்டு.

இதனைப் படித்த அன்று நான் வியப்புற்றேன் என்பதைவிட வெட்கமுற்றேன் என்பதே உண்மை. உலகம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய இழப்பைச் சொல்லிவருகின்றது. அவரோ, தம்மைப்பற்றித் தாம் சொல்லுதற்குரியது அதுவன்று, அந்த மாலைப்பொழுதே என்று கொண்டார். கால் கழுவிய நீரும், கட்டிலும், ஊசியும், திரியுமே அவர் தம் வாழ்விலிருந்து எடுத்து நமக்கு விட்டுச்சென்ற பொருள்கள்.

இஃது ஒருவர்பால் மட்டும் நேர்ந்தது என்று எண்ண வேண்டா. நூலில் படாசாரையின் பாடலுக்கு முன்பாடலைப் பாருங்கள். அது பத்தா குண்டலகேசியினுடையது. தமிழராகிய நமக்கு இப்பெயர் புதிதன்று. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி இவ்வம்மையாரின் கதையைத் தழுவியது. நாதகுத்தனார் இயற்றிய அக்காப்பியத்திற் சில செய்யுட்களே இன்று நமக்குக் கிடைக்கின்றன. எனினும் கதையை அனைவரும் அறிவர். கள்வனை விரும்பி மணந்த பெண், தன்னை மலையுச்சியிற் கொல்ல முயன்ற அக்கணவனையே வலம்வருவது போலச் சென்று தள்ளிவிட்டாள் என்பதே அது.

அவருடைய சொந்தப் பாடலிலோ மலை உண்டு. ஆனால் அது கணவனைத் தள்ளிய மலையன்று, ததாகதரைக் கண்ட கழுகுமலை. தலைமயிர் பறித்து, அழுக்கேறிய மேனியும் ஒற்றை ஆடையுமாய், குற்றமில்லாததிற் குற்றம் கண்டும், குற்றமுள்ளதில் அதனைக் காணாதும் திரிந்த தம் பழைய நாட்களைச் சொல்லுகின்றார். பகவர் தம்மைப் பெயர்சொல்லி அழைத்ததே தம் துறவேற்பு ஆயிற்று என்கின்றார். அங்கம், மகதம், வச்சி, காசி, கோசலம் ஆகிய நாடுகளில் ஐம்பது ஆண்டுகள் மக்களிட்ட சோற்றைக் கடன்படாது உண்டேன் என்று கணக்கு ஒப்புவிக்கின்றார். கள்வனைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொலையைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்கதையால் அவரை நினைவிற் கொண்டது உலகம். அவர் தம்மை அவ்வாறு நினைவிற் கொள்ளவில்லை.

அப்படியாயின் துயரைப் பாடுதல் தகாதோ? கவிதை, பட்ட காயத்தை மூடி மறைப்பதோ? அன்று. அவ்வாறு கொள்வோமாயின் வேறொரு பிழையிற் புகுவோம். படாசாரையின் மாணவியருள் ஒருவரான சந்தைத் தேரி, கணவனும் மக்களும் உறவும் இன்றி, சோறும் ஆடையும் இன்றி, ஓடும் கோலும் ஏந்தி, வெயிலும் குளிரும் வருத்த வீடுவீடாய் ஏழாண்டு இரந்து திரிந்ததை ஒளியாமற் பாடுகின்றார். அவருக்கு அதைச் சொல்லுதல் வேண்டியிருந்தது, சொன்னார். படாசாரைக்கு வேண்டியதில்லை, சொல்லவில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் உரிமை, பட்டவருக்கே உரியது. கவிதை என்பது அவ்வுரிமையைக் கையாளும் இடம்.

இதிலும் வியத்தகு செய்தி ஒன்று உண்டு. கடுகு தேடி வீடுவீடாய் அலைந்த கிசாகோதமியை நாம் அறிவோம். அவருடைய பாடலில் 11 செய்யுட்கள் உள்ளன. அவற்றுள், வீடு சேருமுன் வழியிலேயே மகவை ஈன்று, கணவன் இறந்துகிடக்கக் கண்டு, இரு மக்களையும் இழந்து, தாயும் தந்தையும் உடன்பிறந்தானும் ஒரே சிதையில் எரிவதைக் கண்ட ஒரு பெண்ணின் துயர் பேசப்படுகின்றது. அது கிசாகோதமியின் வாழ்க்கையன்று, படாசாரையின் வாழ்க்கை. உரையாசிரியரும் அவ்வாறே கூறுகின்றார். ஒருத்தி தானாகச் சொல்லாமல் விட்ட துயரை, தானும் மகவை இழந்த மற்றொருத்தி தன் பாட்டில் ஏந்திக்கொண்டாள். நானும் மேடையேறிப் படாசாரையின் துயரைச் சொன்னேன், கிசாகோதமியும் சொன்னார். ஆயினும் வேறுபாடு உண்டு. அவர் அத்துயரைத் தம்முடையதாக ஏற்று, 'நான்' என்று சொல்லிப் பாடினார். நானோ ஒருவரைச் சுட்டிக்காட்டி, 'இவர்' என்றேன்.

இப்பெரியோர் எத்தகைய சொற்களாற் பாடினர் என்பதையும் சிறிது நோக்குவோம். முத்தைத் தேரியின் பாடல் ஒரே செய்யுள். உரலையும் உலக்கையையும் கூனற் கணவனையும் ஒரே வரிசையில் எண்ணி, அவற்றினின்று பெற்ற விடுதலையைக் கூறி, அதே மூச்சிற் பிறப்பு இறப்பினின்று பெற்ற விடுதலையையும் கூறிவிடுகின்றார். உரற்கட்டையும் நிப்பாணமும் அருகருகே நிற்கக் கூடும் என்று எந்தப் புலவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. தம் கையிற் காய்ப்புண்டாக்கிய பொருளை அவர் அறிவார். அதனின்று நீங்கிய இன்பத்தையும் அவரே அறிவார்.

சோமைத் தேரியிடம் மாரன் வந்து, முனிவர் அடையும் உயர்நிலையை இருவிரல் அறிவுடைய பெண் அடைய வல்லளோ என்று இகழ்கின்றான். அஃதென்ன இருவிரல் அறிவு? பெண்கள் சிறுவயது முதல் சோறு சமைத்தும், வெந்ததா வேகவில்லையா என்பதை ஒரு பருக்கையை எடுத்து இரு விரலால் நசுக்கிப் பார்த்தே அறிகின்றனர் என்பது அவ்விகழ்ச்சியின் உட்பொருள் என்று உரை விளக்குகின்றது. நம் தாய்மார் நாள்தோறும் அடுப்படியிற் செய்யும் செயல் அன்றோ இது? சோமையோ, உள்ளம் நன்கு ஒருமைப்பட்டு, அறிவு விளங்கி, தம்மத்தை நேராகக் காண்பவர்க்குப் பெண் என்னும் தன்மை என்ன செய்யும் என்று திருப்பி வினவுகின்றார். வசைச்சொல்லையும் நீக்காமல் பாட்டிலேயே நிறுத்தியமையால், விடையின் வன்மை இன்றும் குறையவில்லை.

புண்ணிகை நீர் சுமக்கும் அடிமைப்பெண். எசமானியரின் தண்டனைக்கும் ஏச்சுக்கும் அஞ்சிக் கடுங்குளிரிலும் ஆற்றில் இறங்க வேண்டியவர். அதே ஆற்றில் ஒரு பிராமணர் பாவம் போக்க மூழ்கி நடுங்குகின்றார். என்னை இறக்குவது அச்சம். உம்மை இறக்குவது எது என்று புண்ணிகை கேட்கின்றார். நீராடலாற் பாவம் தொலையுமாயின் தவளையும் ஆமையும் பாம்பும் முதலையும் அன்றோ முதலில் விண்ணுலகு புகவேண்டும் என்கின்றார். பாவத்தை அடித்துச்செல்லும் ஆறு, புண்ணியத்தையும் சேர்த்தே அடித்துச்செல்லாதோ என்கின்றார். இவ்வாதத்தை ஒரு பண்டிதர் கூறியிருந்தால் அது தருக்கமாக நின்றிருக்கும். அந்தக் குளிரை நாள்தோறும் உடம்பில் ஏற்றவர் கூறியமையால் அது பாட்டாயிற்று.

தேரகாதையிற் சுநீதர் பாடுவதும் இத்தகையதே. இழிந்ததென்று உலகம் கூறிய குடியிற் பிறந்து, வாடிய பூக்களைப் பெருக்கியெடுக்கும் தொழில் செய்து, எல்லார்க்கும் தலைவணங்கி வாழ்ந்த தம் நிலையைத் தம் வாயாலேயே கூறி, பின்னர்த் தேவரும் வந்து தம்மை வணங்கியதைக் கூறுகின்றார். நம் முன்னோரைப்பற்றிப் பிறர் எழுதிவைத்த கதைகள் எத்துணை! நம்மவர் தம்மைப்பற்றித் தாமே சொன்ன சொற்கள் எத்துணை எஞ்சின? இவ்வினாவை உங்கள் உள்ளத்திற்கே விடுகின்றேன்.

வேசாலி நகரத்து அம்பபாலியின் அழகைப் பாடாதார் அக்காலத்தில் இலர். அவர் தம் 19 செய்யுட்களில், கூந்தல் முதல் அடிவரை ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து, அன்று எவ்வாறு இருந்தது, இன்று எவ்வாறு ஆயிற்று என்று ஒப்பிட்டுக் காட்டுகின்றார். புலவர் புகழுக்குப் பயன்படுத்திய உவமைகளை அவரும் எடுத்துக்கொள்கின்றார். ஆனால் கணக்கை முடிப்பவர் அவரே. தம்மைப்பற்றிய பொய்ப் புகழையும் ஒருவர் தம் சொல்லாலேயே திருத்தக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இங்கே கற்றோர் ஓர் ஐயம் எழுப்புவர். இப்பாடல்கள் அனைத்தும் அவ்வத் தேரியரே பாடியனவா? ஒரு சில உரையாடலாய் உள்ளன. ஒரு சில பிறர் வாய்மொழியாய் உள்ளன. இசிதாசித் தேரியின் பாடல் பாடலிபுத்திர நகரத்தில் நிகழ்வதாகத் தொடங்குவதால் அது காலத்தாற் பிந்தியது என்பர். இவ்வையம் நேர்மையானதே; மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பல தலைமுறையாக இவற்றை மனப்பாடமாய்ச் சுமந்தவர்கள், படாசாரையின் வாயில் அவருடைய புகழ்பெற்ற சோகக் கதையைத் திணித்திருக்கலாம், கேட்போர் நெஞ்சுருகியிருப்பர். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. விளக்குத் திரியை அவருக்கே விட்டுவைத்தனர். ஒருவர் சொல்லுக்கு மற்றவர் செய்யக்கூடிய மரியாதை இதைவிட யாது?

இனி, இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லாது விடுதல் தகாது.

முதலாவது: பாட்டுப் பாடுவோர்க்குச் செருக்கு உண்டாதல் எளிது. பிக்குகளுள் உடனடிக் கவித்திறத்தில் தலைசிறந்தவர் வங்கீசர். தேரகாதையின் இறுதியில் 71 செய்யுட்களாக நிற்பது அவர் பாடல். அவருடைய செய்யுட்கள் சம்யுத்த நிகாயத்திலும் தனிப்பகுதியாய் உள்ளன. தம் கவித்திறத்தை எண்ணிப் பிற பிக்குகளை இகழ்ந்தமையையும், காமம் தம் உள்ளத்தைச் சுட்டமையையும் அவர் மறையாது பாட்டிலேயே கூறி, தம்மைத் தாமே இடித்துரைக்கின்றார். தம் கவியாற் பிறந்த நோயைத் தம் கவியாலேயே ஆற்றியவர் அவர். ஒருமுறை பகவர் அவரை நோக்கி, இச்செய்யுட்களை முன்னரே எண்ணிவைத்தீரா, இப்பொழுதே தோன்றினவா என்று வினவினார். இப்பொழுதே தோன்றின என்றதும், மேலும் அவ்வாறே பாடுமாறு பணித்தார். அங்குத்தர நிகாயத்தில் நால்வகைக் கவிகள் கூறப்படுகின்றனர்: எண்ணிப் பாடுவோர், கேட்டதைப் பாடுவோர், பொருளைக் கருதிப் பாடுவோர், உள்ளத்தில் உதித்ததை உதித்தவாறே பாடுவோர். பகவர் கவிஞரை விலக்கியவரல்லர், வகையறிந்து நோக்கியவர்.

இரண்டாவது: 'யான் எனது என்னும் பற்றை விடுக என்பது நம் தம்மம். அங்ஙனமிருக்க, தன்னைப்பற்றித் தான் பாடுதல் பற்றை வளர்ப்பதாகாதோ?' என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. பற்றற்ற அருகதரும் 'நான்' என்னும் சொல்லை உலக வழக்குப்பற்றிச் சொல்லலாம் என்பது பகவர் வாக்கு. சொல் குற்றமன்று, சொல்லின்மேல் ஏறிநின்று பிறரைத் தாழ நோக்குவதே குற்றம். படாசாரை 'நான்' என்று தொடங்குகின்றார்; விளக்கு அணையும்போது அந்த 'நான்' அங்கே இல்லை. உண்மையாகத் தன்னைச் சொல்லி முடித்தவர்க்கு, தன்னைச் சுமந்து திரிய வேண்டிய தேவை குறைகின்றது. சொல்லப்படாத துயரையே மனிதன் ஆண்டுக்கணக்கிற் சுமக்கின்றான்.

அதனாலேதான் அத்தகைய பாட்டு, பாடியவர் மறைந்த பின்னும் வாழ்கின்றது. தற்பெருமைப் பாட்டு, பெருமைக்குரியவர் போனபின் எவருக்கும் வேண்டுவதில்லை. உள்ளதை உள்ளவாறு சொன்ன பாட்டிலோ, கேட்பவர் நிற்பதற்கு இடம் இருக்கின்றது. படாசாரையின் மாணவியர் முப்பதின்மரின் பாடல், நூலில் அவர் பாடலுக்கு அடுத்தே நிற்கின்றது. அவர் சொற்கேட்டுக் கால் கழுவி, ஓரிடத்தில் அமர்ந்து, இரவின் மூன்று யாமத்தில் இருளைப் பிளந்ததாக அவர்கள் பாடுகின்றனர். ஆசிரியையின் கால் கழுவிய நீர், மாணவியரின் பாட்டிலும் ஓடுகின்றது.

அன்பர்களே, அடுத்த பௌர்ணமிக்கு அச்சுரங்கத்தூருக்கு மீண்டும் சென்றேன். கூட்டத்திற்கு முன்னரே அவ்வம்மையாரைக் கண்டு, படாசாரையின் ஐந்து செய்யுட்களின் பொருளையும் சொன்னேன். கணவரையும் மக்களையும்பற்றி அவர் ஒன்றும் பாடவில்லை என்பதையும் சொன்னேன். சென்ற கூட்டத்தில் நான் செய்ததற்கு மன்னிப்பும் வேண்டினேன்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கால் கழுவின தண்ணீர் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாளா? அப்படியானால் அவளுக்குத் தெரியும்" என்றார். என்ன தெரியும் என்று வினவ எனக்குத் துணிவு பிறக்கவில்லை.

பின்னர் அவராகவே, மகன் இறந்த அன்று தாம் வைத்த ஒப்பாரியை எனக்குச் சொன்னார். ஒப்பாரியை அறியாமை என்று மேடைகளிற் கண்டித்தவன் நான். அன்று கேட்டேன். அதிற் சாவைப்பற்றி ஒன்றும் இல்லை, விதியை ஏசவுமில்லை. நாள்தோறும் மகன் சரியாக மூடாமலே திருப்பிக் கொண்டுவரும் சோற்றுத்தூக்கின் மூடியைப்பற்றியே இருந்தது. அந்த மூடி வழியில் எழுப்பும் ஓசையைக் கேட்டே அவன் வருகையை அவர் அறிவாராம். அவ்வளவே. நான் ஒரு மணி நேரம் பேசியும் தொடாத இடத்தை அம்மூடியின் ஓசை தொட்டது. அவர் எழுதப்படிக்க அறியாதவர். அப்பாட்டை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "வேண்டாம் ஐயா, அது என்னோடு இருக்கட்டும்" என்றார். எழுதவில்லை. அதன் சொற்களை இங்கும் நான் சொல்லவில்லை.

ஆதலின் உங்களை வேண்டிக்கொள்வது இது. துயருற்றார் வீட்டிற்குச் செல்லும்போது கதைகளையும் உபதேசங்களையும் சுமந்துகொண்டு செல்லாதீர்கள். முதலில் அமர்ந்து கேளுங்கள். அவர் பாடினாற் கேளுங்கள். பேசாதிருந்தால் அதனையும் கேளுங்கள். உங்கள் இல்லத்து முதியோர், பாட்டிமார், தாம் பட்டதையும் கண்டதையும் தம் சொல்லாற் கூறுவாராயின், இடைமறித்துத் திருத்தாதீர்கள், இசைந்தால் எழுதிவையுங்கள், இசையாவிடின் நெஞ்சில் வையுங்கள். இளைஞர்களே, நீங்கள் பாட விரும்பினாற் பாடுங்கள். அரிய சொற்களைத் தேடி அலைய வேண்டா. உரலும் உலக்கையும் நீர்க்குடமும் விளக்குத் திரியும் போதுமென்று தேரியர் காட்டிச் சென்றனர். பொய் மட்டும் கலவாதிருத்தல் வேண்டும்.

இன்றிரவு வீடு திரும்பிக் கால் கழுவும்போது, ஒரு கணம் நின்று அந்த நீர் செல்லும் வழியைப் பாருங்கள். படாசாரை எல்லார்க்குமாக விட்டுச்சென்ற செல்வம் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றது.

அனைத்துயிர்க்கும் நலம் உண்டாகுக! அல்லல் நீங்குக! மும்மணிகளின் நிழல் நம் எல்லோர்மீதும் நிலவுக!